நெடுங்கரைக்கு எஞ்சிய பொழுது

நலம் சூழ்க. நீரும் நெல்லும் நிறைந்த பொன்வரை நாட்டை ஆளும் கோமகள் நங்கைமாதேவியார் திருவுளப்படி, அமைச்சன் சேந்தன் காரி, கொற்றாற்றின் கீழ்க்கரை காக்கும் நெடுங்கரைத் தலைவர் வில்லவதரையர்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோலும் குடியும் வாழ்க. தங்கள் பட்டங்களை முறைப்படி எழுதாமைக்குப் பொறுத்தருள்க. இங்கு கூடும் ஒவ்வொரு சொல்லும் தங்கள் மக்களின் பொழுதைக் குறைக்கிறது.

இன்று விடியலில் பேரேரி உடைந்தது.

கரை கசிகிறது, ஆற்று மணலில் கூடிய திருவிழா மக்களை மேட்டுக்கு ஏற்றுக என்று முன்பே எழுதினோம். ஏரி முப்பது நாழிகைவழி அப்பால் உள்ளதென்றும், உடைந்தாலும் முப்பது நாழிகை கையில் உண்டென்றும், அதற்குள் தேரும் நிலைக்கு வரும், தின்ற சோறும் செரிக்கும் என்றும், தலைநகரத்து அமைச்சர்க்குத் தண்ணீர் என்றாலே கால் நடுங்குமோ எனத் தங்கள் அவையோர் நகைத்தனர் என்றும் விடை விடுத்தீர்கள். நகைத்தது இருக்கட்டும். கணக்கு பிழை.

நாழிகைவழி என்பது ஒரு மனிதன் ஒரு நாழிகையில் நடக்கும் தொலைவு. தாங்கள் வெள்ளத்தையும் மனிதனைப் போல் நடக்கவிட்டீர்கள். ஏரியிலிருந்து முதற்சாவடி மூன்று நாழிகைவழி. ஏரியை அடுத்த எங்கள் கோட்டைக் குன்றின்மேல் நின்று நோக்கினோம். வெள்ளம் ஒரே நாழிகையில் அதை எட்டி, மூடியது. தொலைவு மாறவில்லை, வேகம் மும்மடங்கு, ஆகவே பொழுது மூன்றிலொரு பங்கு. எஞ்சிய இருபத்தேழு நாழிகைவழியை ஒன்பது நாழிகையில் கடந்து அது தங்கள் மணலுக்கு வரும்.

இவ்வோலை கொணரும் எயினன், குதிரை மாற்றி மாற்றி மலைச்சாலையில் நாழிகைக்கு ஐந்து நாழிகைவழி விரைவான். முப்பதும் முடிய ஆறு நாழிகை. அவன் தங்கள்முன் இறங்கும்போது எஞ்சுவது மூன்று நாழிகையே. அதற்குள் குழந்தைகளும் பிணியாளரும் மேடேற வேண்டும். அவர்கள் நடப்பதோ மனித நடை.

அரச ஓலையை முரசறைந்து எதிர்கொண்டு, அவை கூட்டிக் கேட்பது தங்கள் வழக்கம். இன்று அது வேண்டா. எயினன் இறங்கிய இடத்திலேயே படித்து, அம்முரசை ஆற்று மணலில் அறையுங்கள். தேர் நின்ற இடத்தில் நிற்கட்டும். தெய்வம் சினந்தால் அப்பழி தம்மைச் சேர்க என்று கோமகள் நீர் வார்த்து உரைத்தார். அவையில் அனைவரும் கேட்டோம்.

மறுமொழி எழுத ஒருவரையும் நிறுத்த வேண்டா. இது கோமகள் ஆணை. அரக்கு முத்திரை ஆறுமுன் ஓலை புறப்படுகிறது.