நீங்கள் வைத்த நேர்த்தி

பேசாலை,
12.03.1982

அன்புள்ள மருமகன் வின்சன்ட்டுக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். கை வரவில்லை. நான் ஏழாம் வகுப்போடு வள்ளம் ஏறினவன். எழுத்துப் பிழைகளைத் திருத்தி வாசியுங்கோ, கோபத்தைத் திருத்த வேண்டாம்.

போன செவ்வாய்க்கிழமை மகள் அன்ரோனெற்றுக்கு வயிற்றுக்குத்து எழும்பி, மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். ஆனியில் பிறக்க வேண்டிய பிள்ளை, மூன்று மாதம் முன்னமே வரப் பார்த்தது. ஊசி போட்டு நிறுத்தினார்கள். என்ன சாப்பிடுகிறவள், எப்படிப் படுக்கிறவள் என்று டொக்டர் கேட்டார். நான்தான் சொன்னேன்: ஒருநேரச் சோறு, பாயும் இல்லாத சிமெந்துத் தரை, கண்ணை மூடாமல் புரளல். மருமகனுடைய வேலை நிரந்தரமாக வேண்டுமென்று, பெண்சாதி தவக்காலம் முழுக்க ஒருசந்தி இருந்து நிலத்தில் படுப்பாள் என அவர் குவைத்திலிருந்து மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார் என்று. டொக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வயிறும் காய்ந்து நித்திரையும் கெட்டால் பிள்ளை நாள் வரும் வரைக்கும் பொறுக்காது, இப்போதே வந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்றார்.

நேர்த்தி வைத்தவர் நீங்கள். பட்டினி கிடப்பவள் என் மகள். இது எந்த ஊர் நியாயம்? உங்களுக்கு வயிறு இல்லையா, அங்கே தரை இல்லையா?

பங்குச் சுவாமியாரைக் கூட்டிவந்தேன். "பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒருசந்தி இல்லை, சாப்பிடு பிள்ளை" என்றார். "வாக்குக் குடுத்தது அவர், சுவாமி. அவர் சொன்னால்தான் விடுவன்" என்று அவருக்கே திருப்பிச் சொல்கிறாள். சரி, உனக்குப் பதிலாக நான் இருக்கிறேன் என்று ஏற்றேன். முதல் நாளே, மத்தியானத்துக்கு முன்னம், பாரைமீன் குழம்புச் சட்டியோடு உங்கள் மாமியிடம் பிடிபட்டேன். "மாதாவுக்கு உம்மைத் தெரியாதோ, மனுசன்?" என்று கேட்டாள். அன்ரோனெற்றும் சிரித்தாள். ஆனால் ஒரு பிடி சோறு வாங்கவில்லை.

வேலை போனால் போகட்டும். என் வள்ளத்துக்கு வாங்கோ. வலை இழுக்கத் தெரியாவிட்டால் தண்ணீர் இறைக்கலாம்.

நாளைக்குக் குவைத்துக்குப் பறக்கிற எருக்கலம்பிட்டி ஜுனைதீனிடம் இதைக் கொடுக்கிறேன். அவர் முன்னாலேயே பிரித்து வாசித்து, அவள் பேருக்கு ஒரு தந்தி அடியுங்கோ. சாப்பிடு, கட்டிலில் படு. அவ்வளவு போதும். என்னை ஏசுவதென்றால் பிறகு ஆறுதலாகக் கடிதம் எழுதி ஏசுங்கோ.

மாதா உங்களைக் காப்பாற்றட்டும். உங்கள் பிள்ளையை நீங்கள் காப்பாற்றுங்கோ.

கோபம் ஆறாத மாமா,
செபமாலை