உப்பு லாரி குடிச்ச தண்ணி

மரியே வாழ்க

திண்டிவனம்,
பொங்கல் முடிஞ்ச வாரம், புதன்கிழமை

என் செல்ல மகள் மெர்லினுக்கு அம்மா எழுதறது. மாதா புண்ணியத்துல நானும் உங்கப்பாவும் இங்க கை கால் சொகத்தோட இருக்கறோம், அங்க நீயும் உன்கூட கன்னியாஸ்திரி பயிற்சியில இருக்கற புள்ளைங்களும் மதர் அம்மாவும் சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும்னு தெனமும் பூசையில வேண்டிக்கினு இருக்கறேன். மடத்துல போன் தர மாட்டாங்கன்னு தெரியும், அதனாலதான் இந்த வயசுல எனக்கு எழுத்து வேலை. ஜார்கண்டு குளிரு எலும்புக்குள்ள போவுதுன்னு எழுதியிருந்த, படிச்சதுலேர்ந்து எனக்கு மனசே கேக்கல. தலைக்கு குளிச்சிட்டு ஈரத்தோட கோயில்ல போயி முட்டி போடாத, சாமி ஒண்ணும் கோவிச்சிக்க மாட்டாரு, தொவட்டிட்டுப் போ. மல்லாட்டையை வறுத்து தோலு ஊதி, வெல்லம் போட்டு உருண்டை புடிச்சி பார்சல் போட்டிருக்கறேன், எல்லாருக்கும் குடுத்துட்டு நீயும் துன்னு, ஒறுத்தல், நோம்பு அது இதுன்னு சொல்லிக்கினு மொத்தத்தையும் தானம் பண்ணிடாத.

போன கடுதாசில லாரி விஷயத்தை நான் எழுதல. எழுதியிருந்தா நீ அங்க ஒக்காந்துகினு கவலைப்பட்டிருப்ப. இப்ப எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடுச்சி, பயப்படாம படி. நம்ம தெருவுல எடம் இல்லாம உங்கப்பா லாரியை கோயில் பக்கத்து காலி எடத்துலதான வுடுவாரு, அந்த எடத்துக்கு கிறிஸ்மஸ் வருதுன்னு புதுசா சிமென்ட் போட்டாங்க. பளபளன்னு போட்டு நாலு நாள் கூட ஆவல, லாரி நிக்கற எடத்துல கறுப்பா ஒரு எண்ணெ கறை. உபதேசியார் பிரான்சிஸ் வந்து, அமலதாசு, சப்பரம் வந்து நிக்கற எடம்பா இதுன்னு மெதுவாதான் சொன்னாரு. அதுக்கே உங்கப்பாவுக்கு மானம் போயிடுச்சி. லாரிக்கு அடியில படுத்து எங்கேர்ந்து சொட்டுதுன்னு தேடி, இன்டர்கூலருக்கு கீழ ஒரு சின்ன ஓட்டையைக் கண்டுபுடிச்சி, எம்-சீல் வாங்கியாந்து நல்லா அழுத்தி அடைச்சிட்டாரு. இன்டர்கூலர்னா உனக்குத் தெரியும், ரேடியேட்டருக்கு முன்னாடி நிக்குமே, டர்போ அழுத்தி அனுப்பற சூட்டு காத்தை ஆற வச்சி இன்ஜினுக்குக் குடுக்கற சாமான். அடைச்சிட்டு வந்து, இனிமே ஒரு சொட்டு வுழாது பாருன்னு எங்கிட்ட பெருமை வேற. நானும் சமத்துன்னு சொன்னேன், எனக்கு இன்னா தெரியும்.

அப்பறம் மார்கழி பனி புடிச்சிக்கிச்சி. மரக்காணத்துலேர்ந்து உப்பு லோடு ஏத்திக்கினு வரும்போதெல்லாம் வண்டி இருமுதுன்னாரு. பிக்கப் இல்ல, ஆக்சிலேட்டரை மிதிச்சா திக்குது, பின்னாடி வெள்ளை வெள்ளையா பொகை. ஒரு நாள் காலையில திண்டிவனம் மேம்பாலத்துல ஏறும்போது பாதியிலயே நின்னுபோச்சி. பின்னாடி வந்த பஸ்ஸுக்காரன்லாம் ஆரன் அடிச்சே காதைக் கிழிச்சிட்டானுங்களாம், ஒரே பேஜாரு. கட்டி இழுத்துக்கினு போயி நம்ம மெக்கானிக் சீனுவாசன் ஷெட்டுல வுட்டாங்க. அவரு வெள்ளைப் பொகையைப் பாத்துட்டு, ரேடியேட்டர் தண்ணி இன்ஜினுக்குள்ள போவுது, அதைத் தடுக்கற ஹெட் கேஸ்கட் போயிருக்கும், ஹெட்டே வெடிச்சிருந்தாலும் இருக்கும், பிரிச்சாதான் தெரியும்னாரு. உங்கப்பா இன்னா சொன்னாரு தெரியுமா, பிரிக்க வேணாம், வித்துடலாம்னுட்டாரு. பஞ்சர் ஒட்டறவன்கிட்டயே அரை மணி நேரம் சண்டை போடற மனுசன், பெத்த புள்ளை மாதிரி தொடைச்சி வச்சிருந்த லாரியை விக்கறதுக்கு ஒரு நிமிசம் கூட யோசிக்கல. அன்னிக்கே விழுப்புரத்து புரோக்கர் பெரியதம்பிக்கு போன் போட்டாச்சி, சனிக்கிழமை ஆளை இட்டுகினு வர்றேன்னு அவரும் சொல்லிட்டாரு. லாரியை வித்துட்டு இன்னா பண்ணப் போறீங்கன்னு கேட்டேன், சும்மா இருக்கப் போறேன்னாரு. எனக்கு வந்துச்சி பாரு கோவம். உங்கப்பாவுக்கு சும்மா இருக்கத் தெரியுமா? ஒரு நாள் பந்த்துன்னாலே வாசலுக்கும் ஊட்டுக்கும் நடந்து என் உசுரை வாங்கற ஆளு, லாரி இல்லாத போனா படுத்த படுக்கையாயிடுவாரு.

ரெண்டு நாளா எனக்கு ஒரே யோசனை. தெனமும் காலையில வண்டி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ரேடியேட்டர் மூடியைத் தொறந்து பாக்கறது யாரு, நாந்தான. கல்யாணமான புதுசுலேர்ந்து அது என் வேலை. அதுல ஒரு சொட்டு குறையல. வெள்ளிக்கிழமை சாப்பாட்டை எடுத்துக்கினு நேரா ஷெட்டுக்குப் போனேன். சீனுவாசண்ணே, ரேடியேட்டர் தண்ணி ஊத்துனது ஊத்துனபடியே இருக்குது, அப்ப இன்ஜினுக்குள்ள போறது யாரு ஊட்டு தண்ணின்னு கேட்டேன். மொதல்ல சிரிச்சாரு. அப்பறம் சிரிப்பு நின்னுபோச்சி. ஸ்பேனரைக் கொண்டாடான்னு ஆளுக்கு சத்தம் போட்டுட்டு, இன்டர்கூலர்லேர்ந்து இன்ஜினுக்குப் போற ஓஸ் பைப்பைக் கழட்டுனாரு. மாதா மேல சத்தியமா சொல்றேன், டீ கிளாசு கழுவுன தண்ணியாட்டம் எண்ணெயும் தண்ணியுமா கலந்து ஒரு சொம்புக்கு மேல கொட்டுச்சி. அப்பறம் அடியில பூந்து பாத்துட்டு, இந்த ஓட்டையை எந்த மகராசன் எம்-சீல் போட்டு அடைச்சான்னு கேட்டாரு. உங்கப்பா ஷெட்டு கூரையைப் பாத்துக்கினு நின்னாரு. எனக்கு சிரிப்பு தாங்கல.

விசயம் இன்னான்னா, கடலோரத்துக் காத்துல ஈரம் ஜாஸ்தி. அந்தக் காத்தை டர்போ அழுத்தும்போது சூடாவுது, இன்டர்கூலர்ல வந்து பனியில சட்டுனு ஆறுது, ஆறுனா உள்ளயே தண்ணியா நிக்குது. இட்லி குண்டான் மூடியில உள்பக்கம் முத்து முத்தா நிக்குமே, அதேதான். அந்தத் தண்ணி வடியறதுக்குத்தான் கம்பெனிக்காரன் ஓட்டை வச்சிருக்கான், டர்போலேர்ந்து வர்ற கொஞ்சம் எண்ணெயும் அதுலதான் சேந்து சொட்டும். அடைச்சதும் மொத்தமும் உள்ள தேங்கி, மேட்டுல ஏற மிதிக்கும்போது இன்ஜின் இழுத்து குடிச்சிருக்குது. இன்னும் கொஞ்சம் சேந்து ஒரேயடியா குடிச்சிருந்தா பிஸ்டனே மடங்கியிருக்கும்னு சீனுவாசண்ணன் தலையில அடிச்சிக்கினாரு, பொகையைப் பாத்த ஒடனே ஹெட்டுன்னு சொன்னது என் அவசரம் அண்ணின்னு அவரே சொல்லிட்டாரு. ஓட்டையைத் தொறந்து, இன்டர்கூலரைக் கழட்டிக் கழுவி, காத்தடிச்சி காய வச்சி, ஊறிப்போன ஓஸை மாத்தி சாயங்காலத்துக்குள்ள முடிச்சிட்டாரு. வாரத்துக்கு ஒருவாட்டி அந்த ஓட்டையில ஈர்க்குச்சி வுட்டுப் பாக்கணுமாம், அதுவும் இனிமே என் வேலைதான். சிமென்ட்டு கறையாவாம இருக்க உபதேசியாரே ஒரு பழைய பெயின்ட் டப்பாவைக் கொண்டாந்து அடியில வச்சிட்டாரு.

இத்தோட முடிஞ்சிதுன்னு நெனச்சேன் கண்ணு. ஆனா புரோக்கரை வர வேணாம்னு சொல்லுங்கன்னா, உங்கப்பா வரட்டும் வரட்டும்னே சொல்லிக்கினு இருந்தாரு. வண்டிதான் நல்லாயிடுச்சே, அப்பறம் இன்னாத்துக்கு விக்கணும்? சனிக்கிழமை பெரியதம்பி ஆளோட வந்து நின்னுட்டாரு, உங்கப்பா சாவியைக் கையில எடுத்துட்டாரு. அவுங்க எதிருலயே கேட்டேன், ஏங்க விக்கறீங்கன்னு. தலையைக் குனிஞ்சிக்கினு மெதுவா சொன்னாரு, யாருக்கு ஓட்டணும் செல்வி, இருந்தது ஒத்தைப் புள்ளை, அதையும் சாமிக்குக் குடுத்தாச்சின்னு. நீ போனதுல அவருக்கு வருத்தம் இல்லம்மா, அப்படி நெனச்சிடாத, ஊருக்கெல்லாம் முட்டாய் குடுத்து உன்னை ரயில் ஏத்துனவரு அவருதான். ஆனா திரும்பி வந்ததுலேர்ந்து ஓடறதுக்கு ஒரு காரணம் இல்லாம இருந்திருக்காரு, அது எனக்குத் தெரியாம போச்சி. இன்ஜின் போயிடுச்சின்னு சொன்னது அவருக்கு சாக்காப் போச்சி. எனக்கு அழுகையும் வந்துச்சி ஆத்திரமும் வந்துச்சி. ஏன், நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் நிக்கறது கண்ணுக்குத் தெரியலையா, எனக்கு ஓட்டுங்கன்னு கத்திட்டு, சாவியைப் புடுங்கி இடுப்புல சொருகிக்கினேன். பெரியதம்பி பாவம், டீயைக் குடிச்சிட்டு, நான் அப்பறமா வர்றேன் தங்கச்சின்னு ஜல்தியா கெளம்பிட்டாரு.

திங்கக்கிழமை நானும் லாரியில ஏறிட்டேன். இத்தனை வருசத்துல மரக்காணம் உப்பளத்தை இப்பதான் பாத்தேன், குவியல் குவியலா இன்னா வெள்ளை! வர்ற வழியில பிரம்மதேசத்துல நிறுத்தி கேப்பை கூழ் வாங்கிக் குடுத்தாரு. மேம்பாலத்துல லோடோட ஒரு திக்கல் இல்லாம ஏறுச்சி, எறங்குன பிறகு ரெண்டு பேரும் சேந்து சிரிச்சோம். வாரத்துல ஒரு நாள் நானும் கூடப் போறதுன்னு முடிவாயிடுச்சி. யாருக்கு ஓட்டணும்னு நான் சொன்னதை மெர்லினுக்கு எழுதிடாதன்னு உங்கப்பா சொல்லியிருக்காரு, எழுதிட்டேன்.

சேசு மரி சூசை உனக்குத் துணையா இருக்கட்டும், எடுத்த காரியத்துல மனசு கலங்காம இரு, எங்களை நெனச்சி ஒரு அடி கூட பின்னால வெக்காத. ஒண்ணே ஒண்ணு மட்டும் செய். நீ எழுதறதெல்லாம் அன்புள்ள அம்மான்னு ஆரம்பிக்குது, கடைசி வரியிலதான் அப்பாவைக் கேட்டதாக சொல்லவும்னு வருது. தபால்காரன்கிட்டேர்ந்து ஓடிப்போயி வாங்கியாறது அவருதான். நான் படிக்கப் படிக்க அந்த வரிக்காக ஒக்காந்திருப்பாரு, வந்ததும் சரின்னு எழுந்து போயிடுவாரு. அடுத்த கடுதாசியை அவருக்கு எழுது. கவர் மேல அமலதாஸ்னு மட்டும் போடு. நான் பிரிக்க மாட்டேன்.

முத்தங்களுடன் உன் அம்மா,
அ. இருதயசெல்வி