மழை வருது, கிராம்பை உள்ளே எடுங்க

ரத்தோட்டை,
வெள்ளிக்கிழமை.

அன்பான சுந்தரம்மாவுக்கு,

உன்னையும் மகன் ஜெயக்காந்தனையும் மாதா காவலில் ஒப்படைத்து தெரேசா எழுதுவது. இந்தக் காகிதத்தைப் பக்கத்து வீட்டு ஷிரானி கையில் கொடுத்து விடுகிறேன். நாளைக்குக் கொழும்பு பஸ் ஏறுகிறாள். போனில் சொல்லாமல் இதென்ன என்று நினைப்பாய். உன் போன் மகனிடம் இருக்கிறது. இரண்டு தரம் எடுத்தேன், "அம்மா வேலைக்குப் போயிட்டாங்க பெரியம்மா" என்று வைத்துவிட்டான். அவனிடம் சொல்வதெல்லாம் என் மகன் ரொமேஷுடைய நம்பருக்கும் போகும். அந்த நம்பரை யார் வாசிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நீ தனியாக இருந்து வாசித்துவிட்டு இதை அடுப்பில் போடு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெயக்காந்தனைத் தாய்லாந்துக்கு அனுப்பாதே. டிக்கெட் வந்திருந்தாலும் அனுப்பாதே.

போன ஞாயிறு நீ சந்தோஷமாகப் போன் எடுத்து, ரொமேஷ் உன் மகனுக்கு அனுப்பியதை வாசித்துக் காட்டினாய். நல்ல கம்ப்யூட்டர் வேலை, நல்ல அறை, சீக்கிரம் புறப்பட்டு வா என்று இருந்தது. கடைசியில் எங்க அம்மாவிடம் சொல்லு, மழை வருது, கிராம்பை உள்ளே எடுங்க என்று இருந்தது. "ஏய் தெரேசா, எப்ப கிராம்புத் தோட்டம் வாங்குன? எங்கிட்ட மறைச்சிட்டியே!" என்று சிரித்தாய். லைன் வெட்டுப்பட்டது என்று நினைத்திருப்பாய். வெட்டுப்படவில்லை. நான்தான் வைத்துவிட்டேன்.

எங்களுக்குக் கிராம்பு மரம் ஏது சுந்தரம்மா? வாசலில் நிற்பது ஒரு கறிவேப்பிலை. கிராம்பு என்பது ரொமேஷின் அப்பா உண்டாக்கிய பேச்சு. ரிவர்ஸ்டன் மலைக்கு வேனில் ஆட்களை ஏற்றி ஹயர் போகும்போது சிலர் குடித்துவிட்டு அவரை விடாமல் வம்பு பண்ணுவார்கள். அவர்கள் முன்னால் வாய் திறக்க முடியுமா? எனக்குப் போன் எடுத்து, "கிராம்பு காயுதா?" என்பார். சின்னத் தொந்தரவு, சுணங்கும் என்று அர்த்தம். "மழை வருது, கிராம்பை உள்ளே எடு" என்றால் ஆபத்து. உடனே நான் திருப்பி எடுத்து, பிள்ளைக்குக் காய்ச்சல், ஓடி வாங்க என்று அழுவேன். இந்தப் பக்கத்தில் யார் வீட்டில் கிராம்பு காயவில்லை? கேட்கிறவர்களுக்குச் சந்தேகமே வராது. உன் தங்கச்சி கல்யாணத்தில் ரொமேஷ் என் சேலையை இழுத்து, "கிராம்பு காயுதாம்மா?" என்று கேட்டானே. வீட்டுக்குப் போகலாம் என்றுதான் கேட்டான். உனக்கு அது தெரியாமல், "பிள்ளைக்குக் கிராம்பு மேல என்னா ஆசை" என்றாய்.

எழுதுவதிலும் அவனுக்கு எல்லாம் சுருக்கம்தான். நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள். அதனால் "சா?" என்று மட்டும் போடுவான். சாப்பிட்டீங்களா என்று அர்த்தம். நானும் "சா" என்று போடுவேன். அவன் அப்பா, "என்னாடா இது, சாவு கீவுன்னு" என்று ஏசுவார்.

தாய்லாந்து போய்ச் சேர்ந்த கிழமையோடு அந்த "சா?" நின்றுவிட்டது. பிறகு நீளமாக ஒன்று வந்தது. அன்புள்ள அம்மா அப்பா அவர்களுக்கு, நான் இங்கு மிகவும் நலமாக உள்ளேன் என்று புத்தகத்தில் இருப்பது மாதிரி. அதன் கடைசியிலும் அந்தக் கிராம்பு. அது மட்டும்தான் எங்கள் வீட்டுப் பேச்சு. அவன் அப்பா வாசித்தார். உடனே சட்டையைப் போட்டார். மாத்தளையில் ஒரு ஆபீசில் போனைக் காட்டியிருக்கிறார். நல்லா இருக்கிறதா எழுதியிருக்கிறானே, கிராம்புக்கு நான் எப்படி முறைப்பாடு எழுதுறது என்று கேட்டார்களாம். திரும்பி வர பஸ் ஸ்டாண்டில் நின்று இதை எனக்குப் போனில் சொன்னவர் அங்கேயே விழுந்தார். அடக்கத்துக்கு வந்தபோது, தனியா எதுக்கு மாத்தளைக்குப் போனார் என்று நீ கேட்டாய். வெளியே சொன்னால் பிள்ளையை ஏதும் செய்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

அப்பா போய்விட்டார் என்று அவனுக்கு அனுப்பினேன். ஆழ்ந்த அனுதாபங்கள் என்று பதில் வந்தது. பெற்ற அப்பாவுக்கு! அதில் கிராம்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து பிள்ளை இருக்கிறானா என்றே தெரியாமல் கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்துக்கொண்டு வாசித்தபோதுதான் தெரிந்தது, இருக்கிறான்.

அந்த மாதிரி இடத்திலிருந்து தப்பி வந்த ஒருவர் பல்லேபொலயில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஆற்றைக் கடத்தி அடுத்த நாட்டுக்குக் கொண்டுபோய் அடைத்து வைக்கிறார்களாம். கம்ப்யூட்டரில் ஆட்களை ஏமாற்றுவதுதான் வேலையாம். சொந்த ஊரிலிருந்து இன்னும் ஆள் கூப்பிடச் சொல்வார்களாம். கூப்பிட்ட ஆள் வராவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அவர் மடித்து விட்டிருந்த சட்டைக் கையைத் தழும்புகள் மறைய இறக்கி விட்டுக்கொண்டு, "தேத்தண்ணி குடிங்கக்கா" என்றார்.

அதைப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். நான் என்ன எழுதுகிறேன் என்று எனக்குத் தெரியும். அவன் கிராம்பைப் போட்டது தன்னைக் காப்பாற்றச் சொல்லி அல்ல, உன் பிள்ளையை மறிக்கத்தான். அவன் சொன்னதை நான் சொல்லாமல் விட முடியுமா?

ஜெயக்காந்தனை வரமாட்டேன் என்று எழுத விடாதே. பைக்கில் விழுந்து கால் முறிந்தது, கட்டுப் போட்டிருக்கிறது என்று எழுதட்டும். அப்படியென்றால் என் பிள்ளை மேல் குற்றம் வராது. அதற்குக் கீழே இப்படி ஒரு வரி போடச் சொல்லு: கிராம்பை உள்ளே எடுத்தாச்சு, நனையல. அதை அவன் கண்ணால் பார்த்தால் போதும்.

ஏதாவது பதில் வந்தால், ஓர் எழுத்தாக இருந்தாலும் எனக்குச் சொல்லு. வராவிட்டாலும் சொல்லு.

ஜெயக்காந்தன் பேருக்கு அம்மன் கோயிலில் விளக்கு வைப்பாய். பக்கத்தில் இன்னொன்றும் வை. பேர் சொல்ல வேண்டாம். சின்னதில் தேர் பார்க்க நீதானே என் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாய், அம்மனுக்கு அடையாளம் தெரியும். உன் பிள்ளை உன் கண் முன்னால் நன்றாக இருக்கட்டும்.

உன்,
தெரேசா