முறுக்காத ரப்பர்

31 ஜனவரி 1960, ரேணிகுண்டா

குட்டி விமானத்தின் எஞ்சின் இன்று ஓடிவிட்டது. விசிறியை விரலால் தட்டித் தட்டி நகம் பிளந்தது, ஆனால் ஓடிவிட்டது. வீடெல்லாம் ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்த நாற்றம். பொன்னி ரசச்சட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். "இன்னிக்கு சோத்தத் துன்றியா, எண்ணெயத் துன்றியா?" என்று வாசலில் நின்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

எங்கள் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் பீட்டர்ஸ் சீமைக்குக் கப்பல் ஏறும்போது பாதி கட்டிய விமானத்தையும் அதை ஓட்டும் ரேடியோப் பெட்டியையும் என்னிடம் விட்டுப்போனார். இறக்கை என் இரண்டு கையையும் விரித்த அகலம். இந்தக் கல்லிலும் முள்ளிலும் சக்கரம் வைத்து எங்கே இறக்குவது? தண்ணீரில் இறக்கவேண்டியதுதான். நகரிக்குக் கிழக்கே பொன்னியின் தம்பி, என் மச்சான் செங்கல்வராயன் ஊரில் நல்ல ஏரி இருக்கிறது. செங்கலு தறி நெய்கிறவன், கைவேலை சுத்தம். அவனைச் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

14 பிப்ரவரி

சக்கரத்துக்குப் பதில் இரண்டு மிதவைகள். செங்கலு ஏரியில் முளைக்கும் நெட்டியை வெட்டிக் காயவைத்துச் செதுக்கியிருக்கிறான். மேலே தன் தறித் துணியை ஒட்டி வார்னிஷ் பூசியிருக்கிறான். தூக்கினால் கையில் ஒன்றுமே இல்லை.

தண்ணீரில் விட்டோம். ஓடியது, ஓடியது, கரை வரைக்கும் ஓடியது. எழும்பவே இல்லை. பீட்டர்ஸ் விட்டுப்போன புத்தகத்தைப் பார்த்தேன். மிதவையின் அடிப்பக்கம் வழவழவென்று இருந்தால் தண்ணீர் பிடித்துக்கொள்ளுமாம், நடுவில் ஒரு படி வெட்டவேண்டுமாம். செங்கலு அங்கேயே உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தான். ரத்தினம்மா மோர் கொண்டுவந்தாள். அவன் மனைவி. வயிற்றில் பிள்ளை. இதற்குமுன் இரண்டு தங்கவில்லை.

28 பிப்ரவரி

பறந்தது!

படி வெட்டியதும் கொஞ்சதூரம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி அப்படியே எழும்பிவிட்டது. என் கையில் ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் வால் வலது பக்கம் திரும்பும், விட்டால் நேராகும், மறுபடி அழுத்தினால் இடது பக்கம். ரேடியோ செய்வது கொக்கியை விடுவிப்பது மட்டும். வாலைத் திருப்புவது விமானத்துக்குள் அந்தக் கொக்கியில் மாட்டிய ரப்பர் பட்டை. ஒவ்வொரு முறையும் பறக்கவிடும் முன் அதை முறுக்கவேண்டும். அது என் வேலை. எஞ்சினை நிறுத்த வழி கிடையாது, எண்ணெய் தீர்ந்தால் தானாக நிற்கும்.

செங்கலு இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "மாமா, திருப்பு மாமா!" என்று கத்திக்கொண்டே இருந்தான். எனக்கு முப்பத்தைந்து வயது என்பதே மறந்துபோயிற்று.

22 மார்ச், செங்கலு ஊர்

கங்கம்மா ஜாத்திரைக்கு லீவு போட்டுவிட்டு வந்தோம். இன்று காப்பு கட்டி, தண்டோரா போட்டுச் சாட்டும் சொல்லிவிட்டார்கள். இனி இரவு இங்கே தங்கியவர்கள் யாரும் ஜாத்திரை முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. கோயிலில் பூசை செய்கிற சென்னம்மா செங்கலுவுக்குத் தன் கையாலேயே காப்பாக மஞ்சள் கயிறு கட்டினாள். கரகம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறான், பிறக்கப்போகும் பிள்ளைக்காக.

ஏரியின் அந்தக் கரையில் ஊர் எல்லைக்கல். அதன் பக்கத்திலேயே சர்வேக்காரர்கள் சர்க்கார் கல் நடுகிறார்கள். ஒன்றாம் தேதி முதல் திருத்தணிப் பக்கம் மெட்ராஸோடு போகிறது, நாங்கள் ஆந்திராவிலேயே. "அம்மா வச்ச எல்லையிலயே இவுங்களும் வந்து நடறாங்க பாரு மாமா" என்று சிரித்தான்.

27 மார்ச்

எப்படி எழுதுவது?

காலையில் பறக்கவிடப் போனோம். சர்வேக்காரர்கள் சாமானெல்லாம் கட்டிக்கொண்டு கிளம்புகிற நேரம். எங்களைப் பார்த்ததும் வந்து நின்றார்கள். பெரியவர் ஒருவர், "இது இங்கிலாந்து சாமானா சார்?" என்று கேட்டார். சார்! அவ்வளவுதான், எனக்குத் தலை கால் புரியவில்லை. வால்வு, ஏரியல், கொக்கி என்று இங்கிலீஷில் அளந்துகொண்டே இருந்தேன். செங்கலு விமானத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றான். விடு என்றேன். விட்டான்.

எழும்பியது. பொத்தானை அழுத்தினேன். திரும்பவில்லை. அழுத்தினேன், அழுத்தினேன். நேராக அந்தக் கரையைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரப்பரை முறுக்கவில்லை.

எண்ணெய் தீர்ந்து எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. பெரியவர், "என்ன ஆச்சு?" என்றார். நான் என்ன சொன்னேன்? "மிதவை ஒழுகியிருக்கு, ரேடியோ நனஞ்சிபோச்சி. லோக்கல் வேலை, இப்படித்தான்" என்றேன். செங்கலு காதில் விழுகிற மாதிரி. என் வாயா இது?

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஓடினான். வரப்பு வழியாகக் கரையைச் சுற்றி ஓடினான். கையில் மஞ்சள் கயிறு தெரிந்தது. எல்லைக்கல் பக்கம் போகிறான் என்று எனக்குத் தெரியும். ஒரு குரல் கொடுத்திருந்தால் நின்றிருப்பான். கொடுக்கவில்லை. எனக்கு விமானம் வேண்டும்.

கல்லைத் தாண்டிப் போய்ப் புதருக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு வந்தான். சர்வேக்காரர்கள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஊரில் யாரும் பார்க்கவில்லை. விமானத்தை என் கையில் கொடுத்தான். "தாண்டிட்டேன் மாமா" என்றான். "எவன் பாத்தான், விடுடா" என்றேன்.

28 மார்ச்

காலையிலிருந்து ரத்தினம்மாவுக்கு வலி. நாள் இன்னும் இருக்கிறது. மருத்துவச்சி தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, திருத்தணி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள் என்றாள். வண்டி கட்டியாயிற்று. செங்கலு மாட்டின் முன்னால் போய் நின்றுகொண்டான். "எல்லையத் தாண்டக்கூடாது. போவக்கூடாது" என்கிறான். பொன்னி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "பொண்டாட்டியச் சாவடிக்கப் போறியாடா?" அவன் அசையவில்லை. நேற்று தாண்டியதற்குத்தான் இந்த வலி என்று நினைக்கிறான். இன்னொரு முறை தாண்டினால் மிச்சமும் போய்விடும் என்று நினைக்கிறான். அது எனக்கு மட்டும்தான் தெரியும். உள்ளே அவள் கத்துகிறாள். நான் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்! சாமியாவது எல்லையாவது என்று ஊரெல்லாம் பேசுகிறவன்.

29 மார்ச், திருத்தணி ஆஸ்பத்திரி வராந்தா

நேற்று எழுதிக்கொண்டிருந்ததைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து சென்னம்மாவிடம் ஓடினேன். வண்டியருகே கூட்டிவந்து எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். ரப்பரை முறுக்காதது நான். மிதவையில் குற்றமில்லை. பொய் சொல்லி அவனை ஓடவைத்தது நான், தாண்டுகிறான் என்று பார்த்தும் கூப்பிடாதது நான்.

பொன்னி என்னைப் பார்த்த பார்வை! செங்கலு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆச்சரியமே இல்லாத மாதிரி இருந்தது. அது ஏனென்று புரியவில்லை.

சென்னம்மா கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு, "ஓட வச்சவன்தான் தாண்டனவன். கன்னையா, நீ இப்போ வெளியாளு. ஜாத்திரை முடியற வரிக்கும் ஊருக்குள்ள கால் வெக்காதே. வண்டிய நீயே ஓட்டிக்கினு போ" என்றாள். அவளே கோயில் வாசலில் ஒரு பிடி மண் அள்ளிவந்து ரத்தினம்மாவின் முந்தானையில் முடிந்தாள், கூட வருகிற பொன்னிக்கும் ஒரு சிட்டிகை. "மண்ணு கூட வருது. நீ ஊருக்குள்ளதான் கீற" என்று சொல்லிவிட்டு செங்கலுவைத் தோளைப் பிடித்து நகர்த்தினாள். அவன் நகர்ந்தான். காப்புக் கையோடு அவன் வரமுடியாது. எல்லைக்கல் வரைக்கும் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தான்.

இங்கே நர்ஸ் அந்த மண் முடிச்சைப் பார்த்துக் கத்தினாள். பொன்னி அவளைவிடச் சத்தமாகக் கத்தினாள். முடிச்சு தலையணைக்குக் கீழேயே இருக்கிறது. உள்ளே இன்னும் சத்தம் வரவில்லை. எதையாவது எழுதிக்கொண்டிருக்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

அன்று மாலை

பெண் குழந்தை. அழுதது. ரத்தினம்மா பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

5 ஏப்ரல்

ஜாத்திரை முடிந்தது, ரத்தினம்மாவை இன்று கூட்டிவந்து விட்டோம். திருத்தணியில் ஒன்றாம் தேதிக்குக் கட்டிய தோரணங்கள் இன்னும் தொங்குகின்றன. போகும்போது ஆந்திராவில் இருந்த ஊர், வரும்போது மெட்ராஸ். செங்கலு எல்லைக்கல்லருகே நின்றிருந்தான். குழந்தையை வாங்கிக்கொண்டான். அக்காவிடம் பேசினான், என்னிடம் பேசவில்லை. சாப்பிடு என்றுகூடச் சொல்லவில்லை. நானாக இலை போட்டு உட்கார எனக்கு என்ன முகம்?

19 ஜூன், ரேணிகுண்டா

விமானம் பரண்மேல் கிடக்கிறது. இன்று இறக்கித் துடைத்தேன். மிதவைகளில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கின அடையாளம் இல்லை. திரும்ப ஏற்றிவிட்டேன்.

4 டிசம்பர், செங்கலு ஊர்

ஏரி நிரம்பிவிட்டதென்று பொன்னிக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். என் பெயரைச் சொல்லவில்லையாம். "அந்த ஏரோப்ளேன எத்துக்கினு வரச் சொல்லு" என்று மட்டும். அது போதுமென்று கிளம்பிவிட்டேன்.

ரத்தினம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றாள். நான் ரேடியோப் பெட்டியை வைத்து, ஏரியலை மாட்டிவிட்டு நிமிர்ந்தேன். செங்கலு விமானத்தை மடியில் போட்டுக்கொண்டு ரப்பரை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"குடுடா, நான் முறுக்கறேன்" என்று கை நீட்டினேன்.

"வேணாம்" என்றான். முறுக்கிக்கொண்டே சொன்னான்: "அன்னிக்கு அந்தப் பக்கம் எடுக்கும்போதே பாத்தேன். ஒரு முறுக்குகூட இல்ல."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். "அப்பவே ஏன்டா என்னக் கேக்கல?"

"சர்வே ஆளுங்க எதிர்ல உன்ன இன்னான்னு கேக்கறது மாமா? அப்புறம், நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

எழுந்து தண்ணீருக்குள் போனான். விமானத்தை வைத்துப் பிடித்துக்கொண்டு, "அழுத்து" என்றான். அழுத்தினேன். வால் வலது பக்கம் திரும்பியது. இன்னொரு முறை அழுத்தச் சொன்னான். இடது பக்கம். பார்த்துவிட்டுத்தான் விட்டான்.

சாயங்காலம் வரை பறக்கவிட்டோம். ஒவ்வொரு முறையும் அவன்தான் முறுக்கினான். ரப்பரை என் கையில் கொடுக்கவே இல்லை.