ஏரியிடம் கேட்ட பாஸ்வேர்டு

கரா-சுங்குர்
ஏப்ரல் 11, 2021

குபாத்துக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நலமாகத்தான் இருப்பாய். தலைநகர் பிஷ்கெக்கில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது, உனக்கென்ன.

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். நாம் பிரிந்த கதையைப் பேச அல்ல. ஏரிக்கரையில் வெள்ள எச்சரிக்கைப் பெட்டியைக் கட்டியவன் நீ, அதனால் எழுதுகிறேன். மாவட்ட அலுவலகம் ஒருவழியாக அதற்குள் வைக்கும் குட்டிக் கணினிக்குப் புது போர்டு கொடுத்துவிட்டது. உள்ளங்கை அளவு, பச்சை நிறம், பார்க்கப் பழையது மாதிரியேதான் இருக்கிறது. பழைய பெட்டியிலிருந்த மெமரி கார்டை எடுத்து இதில் செருகினேன். சிவப்பு விளக்கு எரிகிறது, அதோடு சரி. பள்ளிக்கூட டிவியில் மாட்டிப் பார்த்தேன், திரை கறுப்பாகவே கிடக்கிறது. அலுவலகத்தில் கேட்டால், "டீச்சர், கொடுக்கிறது வரைக்கும்தான் எங்க வேல" என்கிறார்கள்.

மேலே ஏரி இன்னும் உறைந்திருக்கிறது. ஜூலையில் உருகத் தொடங்கும். அதற்குள் சென்சார் நீர்மட்டத்தை அளக்க வேண்டும், போர்டு அதைப் படிக்க வேண்டும், மட்டம் ஏறினால் ரேடியோ வழியாக ஊரில் சைரன் ஊத வேண்டும். போன தடவை ஊதவில்லை. கீழ்த்தெருவில் இப்போது இருபத்திரண்டு வீடுகள் இருக்கின்றன.

இங்கே இன்னும் இணையம் கிடையாது. எதுவானாலும் வேன் ஓட்டும் துருஸ்பெக்கிடம் கொடுத்தனுப்பு, செவ்வாயும் வெள்ளியும் வருவார். பழைய கார்டை உறைக்குள் வைத்திருக்கிறேன்.

சல்கின்


பிஷ்கெக்
ஏப்ரல் 16, 2021

அன்புள்ள சல்கின்,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டேன். துருஸ்பெக் கிண்டல் செய்தார்: "என்னப்பா, கடிதாசிக்கே சாப்பாட்ட மறந்துட்ட, ஆளே வந்தா என்ன பண்ணுவ?"

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இப்போதே கை பரபரக்கிறது. நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் அது பழைய போர்டின் தம்பி. முகம் ஒன்று, உள்ளே ஆள் வேறு. இந்தச் சின்ன போர்டுகளில் ஒரு வம்பு உண்டு. எந்த உறுப்பு எந்தக் கம்பிக்காலில் இருக்கிறது என்று போர்டுக்கே தெரியாது. ஒரு பட்டியல் எழுதி, உள்ளே ஓடும் லினக்ஸ் மென்பொருளிடம் நாம்தான் கொடுக்க வேண்டும். பழைய கார்டில் அண்ணனின் பட்டியல் இருக்கிறது, தம்பி முழிக்காமல் என்ன செய்வான்? புதுப் பட்டியலோடு புதுக் கார்டு தயார் செய்துவிட்டேன், உறையில் இருக்கிறது. பழைய கார்டிலிருந்து என் அமைப்புகளை மட்டும் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறேன். வேறெதையும் பார்க்கவில்லை.

செருகி டிவியில் மாட்டு. திரையில் என்ன ஓடினாலும் நோட்டில் எழுதி அனுப்பு. புரியாவிட்டாலும் எழுது, ஒரு வரிகூட விடாதே.

இன்னொன்று. இந்தத் தடவை பெட்டிக்குக் கம்பளி சுற்ற வேண்டாம்.

குபாத்


கரா-சுங்குர்
மே 4, 2021

குபாத்,

எழுந்துவிட்டது! ஆசிரியர் அறையில் நாலு பேர் தேநீர்க் கிண்ணத்தோடு டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தோம். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் சரசரவென்று ஓடின. வரலாற்று டீச்சர், "என்னடி இது, நம்ம தாசில்தார் பேசுற மாதிரி, ஒண்ணும் புரியல, நிறுத்தவும் மாட்டேங்குது" என்றாள். நாற்பத்தோரு வரி எழுதியிருக்கிறேன், கை வலிக்கிறது.

ஒரே ஒரு குறை. ரேடியோவைச் செருகினால் "புதுச் சாதனம் கிடைத்தது" என்கிறது. அரை நிமிடத்தில் "துண்டிக்கப்பட்டது" என்கிறது. மறுபடி கிடைத்தது, மறுபடி துண்டிப்பு. பன்னிரண்டு தடவை எண்ணினேன்.

இப்போது கம்பளி விஷயம். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், நீயே கிளறிவிட்டாய். இந்த ஊரில் குளிருக்குக் கம்பளி சுற்றாத பொருள் எது? தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிறோம், கன்றுக்குட்டிக்குச் சுற்றுகிறோம். பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே போகிற இடத்தில் ஒரு பெட்டி தனியாக நிற்கிறதே என்று நானும் சுற்றினேன். வெள்ளம் வந்த மறுநாள் நீ மேலே ஏறிப் போய்ப் பார்த்தாய். எல்லாரும் நிற்கும்போது சொன்னாய்: "கம்பளியச் சுத்தி வெச்சிருக்கா, வெயில்ல போர்டு வெந்து போச்சு." கார்டைத் திறந்து பார் என்று கெஞ்சினேன். "பாக்க என்ன இருக்கு, கண்ணாலயே தெரியுதே" என்றாய்.

என் அண்ணன் ஜார்லிக்குக்கு வீடு போயிற்று, பதினோரு குதிரைகள் போயின, ஒரு காலை இன்றும் இழுத்துக்கொண்டுதான் நடக்கிறார். மூன்று வருடமாக என் வீட்டில் அவர் ஒரு வாய் தேநீர் குடிக்கவில்லை. வாசலில் நின்று பேசிவிட்டுப் போய்விடுவார். சுற்றியது நான்தானே, அவரை என்ன சொல்ல முடியும்.

ரேடியோவைச் சரி செய்து கொடு.

சல்கின்


பிஷ்கெக்
மே 11, 2021

அன்புள்ள சல்கின்,

உன் நாற்பத்தோரு வரியில் பதினேழாவது வரி தங்கம். "மின்னழுத்தம் குறைவு." நீ போன் சார்ஜரில்தானே மாட்டியிருக்கிறாய்? மறைக்காதே, எனக்குத் தெரியும். போர்டு எப்படியோ அதில் ஓடிவிடுகிறது. ரேடியோ பேச ஆரம்பித்ததும் மின்சாரம் போதாமல் மயங்கி விழுகிறது. லினக்ஸ் மேல் குற்றமே இல்லை. தடித்த கேபிளோடு சரியான மின்பெட்டி ஒன்றைத் துருஸ்பெக்கிடம் கொடுத்திருக்கிறேன். மாட்டியதும் பார், ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இந்த வரிகளைப் படிக்கும்போது கல்லூரி ஆய்வகத்தில் நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரியே இருந்தது. அப்போதும் நீ எழுதுவாய், நான் குதிப்பேன்.

கம்பளி பற்றி நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். ஜூலை வெயில், இரும்புப் பெட்டி, அதன் மேல் கம்பளி. எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை சல்கின். ஊர் முன்னால் சொன்னது தப்பு, அதற்கு மட்டும் மன்னித்துவிடு.

அடுத்தது சென்சார். மாட்டிவிட்டு எழுது, காத்திருக்கிறேன்.

குபாத்


கரா-சுங்குர்
ஜூன் 8, 2021

குபாத்,

சார்ஜர்தான். உன்னிடம் ஒன்றை மறைக்க முடிகிறதா. இப்போது ரேடியோ அசையாமல் நிற்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து சைரன் கம்பத்துக்குச் சோதனைச் செய்தி அனுப்பினேன், "கூக்" என்று ஒரு குட்டிச் சத்தம் வந்தது. வரலாற்று டீச்சர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. நிதானமாகச் சொல்கிறேன், நிதானமாகப் படி.

சென்சாரை மேசைமேல் வைத்து, கீழே ஒரு வாளித் தண்ணீர் வைத்து, போர்டில் மாட்டினேன். தண்ணீர் ஊற்ற ஊற்ற எண் மாற வேண்டும். சில எண்கள் வந்தன, சில வரவில்லை. எங்கே போயின என்று பதிவுகளைத் திறந்தேன். அங்கே இப்படி இருந்தது: "214 என்ற பயனர் நுழைய முயன்றார், பாஸ்வேர்டு தவறு." அதன் கீழே: "231 என்ற பயனர் நுழைய முயன்றார், பாஸ்வேர்டு தவறு." பக்கம் முழுக்க இதேதான்.

முதலில் சிரிப்பு வந்தது. தண்ணீர் தன் மட்டத்தைச் சொல்கிறது, இந்தப் பெட்டி வாசலில் நிற்கிற காவல்காரன் மாதிரி "யாரு நீ, பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்கிறது. அடுத்த எண்ணைப் பாஸ்வேர்டு என்று எடுத்துக்கொண்டு, தப்பு என்று துரத்துகிறது. ஒரு மணி நேரம் வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். பாதி எண்கள் உன் நிரலுக்குப் போகின்றன, பாதி எண்களைக் காவல்காரன் பிடுங்கிக்கொள்கிறான்.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஆசிரியர் அறையில் வெயில் இல்லை, குபாத். கம்பளியும் இல்லை. பழைய கார்டிலிருந்து உன் அமைப்புகளை அப்படியே எடுத்துப் போட்டதாக எழுதியிருந்தாய்.

பழைய கார்டு உன்னிடம்தான் இருக்கிறது. வெள்ளம் வந்த நாளின் பதிவைத் திறந்து பார். மூன்று வருடத்துக்கு முன்னால் கேட்டதைத்தான் இப்போதும் கேட்கிறேன்.

சல்கின்


பிஷ்கெக்
ஜூன் 11, 2021

என் சல்கின்,

உன் கடிதம் இன்று காலை வந்தது. படித்து முடித்ததும் மேசை இழுப்பறையிலிருந்து பழைய கார்டை எடுத்தேன். லேப்டாப்பில் செருக அரை மணி நேரம் ஆயிற்று. பயம்தான், வேறென்ன.

வெள்ளம் வந்த நாளின் பதிவு முழுசாக இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போர்டின் சூட்டைக் குறித்திருக்கிறது. அன்று அதிகபட்சம் அறுபத்தொன்று. எண்பதைத் தாண்டினால்தான் அதற்கு ஆபத்து. கம்பளிக்குள்ளே அது சுகமாக இருந்திருக்கிறது. கடைசிவரை உயிரோடு இருந்திருக்கிறது. ரேடியோவும் தயாராக இருந்திருக்கிறது.

மதியம் ஒன்று நாற்பதிலிருந்து பார்: 240 என்ற பயனர், பாஸ்வேர்டு தவறு. 305 என்ற பயனர், பாஸ்வேர்டு தவறு. 380. 412. முன்னூறைத் தாண்டினால் சைரன் ஊத வேண்டும். ஏரி பதினோரு தடவை வந்து கதவைத் தட்டியிருக்கிறது. பதினோரு தடவையும் என் பெட்டி பாஸ்வேர்டு கேட்டிருக்கிறது. முன்னூறைத் தாண்டிய ஒரு எண்கூட அன்று என் நிரலுக்குப் போய்ச் சேரவில்லை.

அந்தக் காவல்காரனை வைத்தது நான். மேலே வரும்போது லேப்டாப்பை மாட்டி உள்ளே நுழைய வசதியாக இருக்கட்டும் என்று, சென்சார் வருகிற அதே கம்பியில் நுழைவாயிலைத் திறந்து வைத்தேன். வேலை முடிந்ததும் மூட வேண்டும், இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான். மறந்துவிட்டேன். சோதித்த அன்று எண்கள் அதிர்ஷ்டவசமாக நிரலுக்குப் போய்விட்டன, நானும் கைதட்டிவிட்டு இறங்கிவிட்டேன்.

நீ ஒரு தப்பும் செய்யவில்லை. கம்பளி ஒரு தப்பும் செய்யவில்லை. கண்ணால் பார்த்தே தெரிகிறது என்று சொன்னவன்தான் அண்ணனுடைய காலையும் குதிரைகளையும் வெள்ளத்துக்கு வாரிக்கொடுத்தவன். இதை நீ ஜார்லிக் அண்ணனுக்கும் ஊருக்கும் படித்துக் காட்ட வேண்டும். இதையே தனியாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டும் வைத்திருக்கிறேன்.

உறையில் புதுக் கார்டு இருக்கிறது. நுழைவாயில் மூடியாயிற்று. நானும் ஒரு வாளி வைத்து இரண்டாயிரம் தடவை சோதித்துவிட்டேன், ஒரு எண்கூடத் தொலையவில்லை. இந்த வேகத்தில் நான் எதையும் செய்ததில்லை. அழுதுகொண்டே செய்தேன்.

குபாத்


கரா-சுங்குர்
ஜூன் 29, 2021

குபாத்,

நேற்று காலை பெட்டியை ஏரிக்கரையில் வைத்தோம். சென்சாருக்குக் கீழே வாளியைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினேன். 280, 291, 304. அடுத்த நொடி கீழே ஊரில் சைரன் ஊதியது. மலை முழுக்க எதிரொலித்தது. மேலிருந்து பார்த்தேன், கீழ்த்தெருவில் எல்லா வீட்டுக் கதவும் திறந்து ஜனங்கள் மேட்டுக்கு ஓடிவருகிறார்கள். சோதனை என்று முதல் நாளே சொல்லியிருந்தும் ஓடிவந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் யார் தெரியுமா, ஜார்லிக் அண்ணன். காலை இழுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு. நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன்.

சாயங்காலம் அண்ணன் வாசலுக்கு வந்தார், எப்போதும் போல வெளியிலேயே நின்றார். உன் தாளை எடுத்து வந்து வாசலிலேயே முழுசாகப் படித்தேன். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். "என்ன பாத்துட்டே நிக்கிற, தேத்தண்ணி ஊத்து" என்றார். ஒவ்வொரு தடவையும் அரைக் கிண்ணமே ஊற்றினேன், நம் ஊரில் நிரப்பிக் கொடுத்தால் கிளம்பு என்று அர்த்தமாயிற்றே, எழுந்துவிடுவாரோ என்று பயம். ஏழு தடவை குடித்தார்.

கிளம்பும்போது சொன்னார்: "எழுதி அனுப்பிட்டா முடிஞ்சிடுமா? வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லு. ஆடடிச்சு விருந்தெல்லாம் வைக்க மாட்டேன். வந்தா தேத்தண்ணி உண்டு."

ஆகவே வா. அண்ணனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லு. அதற்குப் பிறகு தங்குவதா போவதா என்பதை நாம் இருவரும் உட்கார்ந்து பேசலாம். எனக்கும் உன் மேல் கோபம் தீரவில்லை, நேரில் வந்தால் கொஞ்சம் திட்டுவேன். துருஸ்பெக்கிடம் வெள்ளிக்கிழமை வேனில் முன் இருக்கையைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

பெட்டிக்குக் கம்பளி சுற்றிவிட்டேன். புதுசு, வெள்ளை, நானே தைத்தது. நீ வாயைத் திறக்கக்கூடாது.

உன் சல்கின்