லாரிமேல் காய்த்த பூசணி

மாப்பிள்ளை,

இன்று காலை அஸ்தம்பட்டியில், என் மகன் வீட்டு வாசலில், நடுத்தெருவில் உட்கார்ந்து பூசணி விதை பொறுக்கினேன். நேற்று ஆயுத பூஜை. எதிரே இருக்கும் டூவீலர் பட்டறைக்காரர்கள் ஐந்தாறு காய்களை உடைத்துப் போட்டிருந்தார்கள். குங்குமமும் சுண்ணாம்பும் பச்சைக்காயின் தண்ணீரும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் நிற்கவில்லை. "அப்பா, பாக்கறவங்க என்னங்க நினைப்பாங்க, எந்திரிச்சு வாங்க" என்று மகன் வாசலில் நின்று கத்தினான். அவனுக்கு என்ன தெரியும். விதைகளை வேட்டி முனையில் முடிந்துகொண்டு எழுந்து வந்தேன். அவற்றைக் கழுவித் தாளில் பரப்பிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் நாற்பது வருடம் ஆகப்போகிறது. ஒரு வரி எழுதும் தைரியம் இதுவரைக்கும் வரவில்லை.

நிலம் உன்னுடையது, லைசென்ஸ் என்னுடையது. இப்படித்தான் நம் கூட்டு ஆரம்பித்தது. எழுபதுகளின் கடைசியில் கிணறுகள் வற்றி, வெண்ணந்தூர்ப் பக்கம் உன் இரண்டு ஏக்கரில் எள்ளுகூட முளைக்காமல் போனபோது, "வித்துப் போடு, லாரி வாங்கலாம், நான் ஓட்டறேன்" என்று உன் காதில் ஓதியவன் நான்தான். நம் சனத்தில் பாதிப் பேர் அப்படித்தானே மண்ணை விற்றுச் சக்கரம் வாங்கினார்கள். கிரயம் முடித்து வந்த அன்றைக்கு நீ ஒரு பிடி மண்ணைச் சட்டைப் பையில் போட்டு வந்திருந்தாய். நான் அதைப் பார்த்துக் கேலி செய்தேன்.

இரண்டு வருடம் ஓடியது வண்டி. அப்புறம் ஒரு மத்தியானம், வளைவில், சைக்கிளில் புல்லுக்கட்டு ஏற்றிக்கொண்டு போன ஒரு பெரியவர்மேல் நான் வண்டியை விட்டேன். பிரேக் மிதித்தேன், லோடு தள்ளியது, அவ்வளவுதான். அந்தப் புல்லுக்கட்டு அவிழ்ந்து ரோடு முழுக்கப் பரவியதை இன்றைக்கும் பார்க்கிறேன். அவரும் நம்மைப் போல ஒரு சம்சாரிதான். அந்த மாதம் பார்த்து இன்சூரன்ஸ் காலாவதியாகி இருந்தது. புதுப்பிக்கிறேன் என்று பொறுப்பெடுத்துக்கொண்டு மறந்தவனும் நான்தான். நஷ்டஈட்டு வழக்கு முடியும் வரை வண்டியை ஓட்டக் கூடாது, விற்கக் கூடாது என்று தடை வந்தது. திருச்செங்கோட்டில் நமக்குத் தெரிந்த ஒருவரின் பாடி கட்டும் பட்டறைக்குப் பின்னால், காம்பவுண்டுச் சுவரை ஒட்டினாற்போல் கொண்டுபோய் நிறுத்தினோம்.

எனக்கு மாமனார் வீட்டிலிருந்து நெல் வந்துகொண்டிருந்தது. உனக்கு லைன் வீட்டில் ஒற்றை அறை, மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். பட்டறையில் எடுபிடிக் கூலி வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தால் அதிகம். மீதி நாளெல்லாம் நீ வந்து வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாய். ஒருநாள் நான் வந்தபோது, சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்த நாலடிச் சந்தில் நீ குனிந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தாய். கிட்டப் போய்ப் பார்த்தேன். பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மண்ணுக்குள் இழுத்துக்கொண்டிருந்தாய். ஆணியும் இரும்புத் தூளும் முடி முளைத்த மாதிரி அதில் ஒட்டி வந்தன.

"இரும்பப் பொறுக்கிட்டா மண்ணு நல்ல மண்ணுதான் மாப்ளே" என்றாய்.

தேய்ந்த டயர்களில் அந்த மண்ணை நிரப்பிப் புளிச்சகீரை போட்டாய். கம்பித் துண்டுகளை நட்டு அவரை ஏற்றினாய். போதாதென்று சாக்கடை ஓரத்து வண்டலை அள்ளிவந்து, லாரியின் பின்பக்கம் பலகைமேல் ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டினாய். வழக்கில் இருக்கும் வண்டி, ஏதாவது சொல்லப்போகிறார்கள் என்று நான் பதறினேன்.

"ஓட்டக் கூடாதுன்னாங்க, விக்கக் கூடாதுன்னாங்க. வெதைக்கக் கூடாதுன்னு எங்க சொன்னாங்க?" என்று சிரித்தாய். அந்த வருடத்தில் நீ சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பூசணியை நீ நடவில்லை. அது தானாக வந்தது. பட்டறையிலிருந்து ஒவ்வொரு புது வண்டி வெளியேறும்போதும் வாசலில் திருஷ்டிக்காய் உடைப்பார்கள். ஆயுத பூஜைக்கு அது குவியலாகச் சேரும். கூட்டி அள்ளிப் பின்சுவர் ஓரமாகக் கொட்டுவார்கள். ஐப்பசி மழையில் நம் வண்டியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டிலை விட்டு எழுந்தது. மற்றவர்களாக இருந்தால் மிதித்துவிட்டுப் போயிருப்பார்கள். நீ நாலு செங்கல்லை வைத்து அணை கட்டினாய். பட்டறைத் தொட்டியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினாய். மார்கழிக்குள் அது பம்பர்மேல் ஏறி, முன்கண்ணாடியை மூடி, கேபின் கூரையில் படர்ந்துவிட்டது. தை பிறந்தபோது கூரைமேல் ஏழு காய்கள் சாம்பல் பூத்துக் கிடந்தன.

உன் வீட்டில் அந்தக் காய்தான் அப்போது சோறு. ராகிக் களியும் பூசணிக் குழம்பும், மறுநாள் கொழுந்து இலைப் பொரியல், அதற்கு மறுநாள் திரும்பவும் குழம்பு. "வண்டி ஓடறப்பகூட இப்படி நெதமும் ஒலை கொதிக்கல அண்ணா" என்று தங்கச்சி, உன் மனைவி, என்னிடம் சொன்னாள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கு ஆள் பிடிப்பவர்கள் வந்து உன்னை வடக்கே கூப்பிட்டார்கள். "கொடி இருக்குது. சித்திரை வரைக்கும் ஒப்பேத்திப்புடலாம். புள்ளைங்கள உட்டுப்போட்டு நான் எங்கீம் வல்லீங்க" என்று அனுப்பிவிட்டாய்.

முதல் காயை எனக்குத்தான் கொடுத்தனுப்பினாய். என் மனைவி அதை நிலைவாசல் தாண்ட விடவில்லை. "திஷ்டிக்கு ஒடச்ச காயில மொளச்சது. ஊரு கண்ணெல்லாம் அதுலதான் இருக்குது. என்ற ஊட்டுக்குள்ள வரப்படாது" என்றாள். நான் அதைக் கொண்டுபோய் முச்சந்தியில் வைத்துவிட்டு வந்தேன். நீ ருசி எப்படி என்று கேட்டபோது, நல்ல காய் என்று சொன்னேன்.

ஆனால் அவள் சொன்னது எனக்குள் புகுந்துவிட்டது, மாப்பிள்ளை. வாய்தாவுக்குமேல் வாய்தா. ஒவ்வொரு தடவையும் கோர்ட்டிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் கொடி இன்னும் ஒரு முழம் போயிருக்கும். நான் உட்கார்ந்து ஓட்டிய இடத்தைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து அது மூடிக்கொண்டே வந்தது. அந்தப் பெரியவரின் முகம், இன்சூரன்ஸ் தாள், உன் இரண்டு ஏக்கர், எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு என்பதைத் தாங்க முடியாமல், பொறுப்பைத் தூக்கி வைக்க ஓர் இடம் தேடினேன். வாயில்லாத கொடி அகப்பட்டது.

மாசி மாதம், ஒரு வாய்தாவுக்கு முந்தின நாள் காலையில், நீ வருமுன்னே வந்தேன். கேபினுக்குள் நீ வைத்திருந்த அரிவாளை எடுத்து அடியோடு அறுத்தேன். அறுத்ததோடு விடவில்லை, கூரையிலிருந்து மொத்தமும் இழுத்துப் போட்டேன். அப்போது அதில் முற்றாத காய் நான்கும் விரல் நீளப் பிஞ்சு எத்தனையோவும் இருந்தன. அறுத்த இடத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

நீ வந்தாய். பார்த்தாய். அரிவாள் என் கையிலேயே இருந்தது. அடித்திருக்கலாம் நீ. கெட்ட வார்த்தையில் திட்டியாவது இருக்கலாம். குனிந்து பிஞ்சுகளை ஒவ்வொன்றாகத் துண்டில் எடுத்துப் போட்டபடி, "அறுத்தது அறுத்துட்ட. இதையாச்சும் நெழல்ல எடுத்து வெச்சிருக்கலாமல்ல மாப்ளே, வெயில்ல கெடக்குது பாரு" என்றாய்.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி அன்றைக்குச் சமைக்கக் காய் பறிக்க ஒயர் கூடையோடு வந்துவிட்டாள். அப்படியே நின்றுவிட்டாள். "ஏனுங்கண்ணா, என்னங்க ஆச்சு?" என்று என்னைத்தான் கேட்டாள். அரிவாளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

நீ தலை நிமிராமல் சொன்னாய்: "மாடு பூந்துருச்சு சாமி. கேட்டு தொறந்து கெடந்திருக்குது."

தலையில் கை வைத்துக்கொண்டு அந்த மாட்டையும் அதை வளர்த்தவனையும் அவள் சபித்தாள். நீ கேட்டுக்கொண்டு நின்றாய். நானும் நின்றேன்.

மறுநாள் வாய்தாவும் தள்ளித்தான் போயிற்று. பொறுக்கிய பிஞ்சும் காயும் உங்களுக்குப் பத்து நாள் வந்தன. வெயில் ஏறியதும் கீரையும் கருகத் தொடங்கியது. பங்குனி பிறந்ததும் நீ ரிக் வண்டி ஏறினாய். வழியனுப்ப வந்த என்னிடம், "அந்த டயருல தண்ணி ஊத்திக்க மாப்ளே" என்று மட்டும் சொன்னாய். வடக்கே போய் நான்காம் மாதம் காமாலை கண்டு போய்விட்டாய், அங்கேயே எரித்துவிட்டார்கள். ரிக்கில் திரும்பி வந்தவர்கள் உன் பையை மட்டும் தங்கச்சி கையில் கொடுத்தார்கள். இரண்டு வேட்டி, ஒரு போர்வை, அவ்வளவுதான் அதில். அவள் பையைக் கவிழ்த்துக் கவிழ்த்து உதறிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் தீர்ப்பு வந்தது. லாரி ஏலத்தில் போய், அந்தப் பெரியவர் குடும்பத்துக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஏலம் எடுத்தவன் பின்பக்கத்து மண்ணை மண்வெட்டியால் தள்ளிக் கொட்டியபோதுதான், ஓரமாய் நின்று வாய்விட்டு அழுதேன். வண்டி போகிறதே என்று அழுகிறேன் என நினைத்துப் பட்டறைக்காரர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

தங்கச்சி இப்போது வெண்ணந்தூரில் பெரிய மகளோடு இருக்கிறாள். பொங்கலுக்குப் போவேன். பேரன் பேத்திகளுக்கு அந்தக் கொடியின் கதையைச் சொல்வாள். ஏழு காய், முன்கண்ணாடி, ராகிக் களி எல்லாம் சொல்லிவிட்டு, "அந்த மாடு மட்டும் உள்ள வராம இருந்திருந்தா உங்க தாத்தா வடக்க போயிருக்க மாட்டாரு" என்று முடிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பேன். நாற்பது வருடமாக, ஒவ்வொரு பொங்கலுக்கும், சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறுகிறேன். நீ எனக்காகச் சொன்ன பொய்யை உடைக்க எனக்கு உரிமை உண்டா என்று கேட்டுக்கொண்டே திரும்பி வருகிறேன். அதுவும் சாக்குதான். எனக்குப் பயம், வேறொன்றுமில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் போன் வந்தது. மாடியில் தொட்டி வைத்துப் பூசணி போடப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"போடுங்கண்ணா. அவுங்களுக்குப் புடிக்கும்" என்றாள். அப்புறம் சொன்னாள்: "மாடு வராத எடமாப் பாத்துப் போடுங்கண்ணா."

செரி சாமி என்று போனை வைத்தேன்.

சாயங்காலம் மொட்டைமாடியில் ஒரு பழைய டயருக்குள் மண் போட்டு மூன்று விதை ஊன்றினேன். கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கி, சாவியை மருமகள் கையில் கொடுத்தேன். "தண்ணி நீயே ஊத்தும்மா. காய் முத்தற வரைக்கும் என்னை மேல விடாத" என்றேன். ஏன் மாமா என்று கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.