நாலு மணி வரைக்கும்

என் கரடி மாமாவுக்கு,

நம் வாலு இன்று பள்ளிக்குக் கிளம்பும்போது உங்கள் டம்ளரை ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைத்தாள்.

"செத்தாலும் ஆன்மா இருக்கும்னு நீதானேம்மா சொன்ன? நிஜமா இருந்தா அப்பா இதை நிமிர்த்தி வைக்கட்டும். நீ தொடக்கூடாது."

"அப்பாவுக்கே பரீட்சை வைக்கிறியாடி?"

"அவரு எதையும் சொன்ன உடனே செய்யமாட்டாரு. அதான் நாலு மணி வரைக்கும் விட்டிருக்கேன்."

எட்டு வயதில் உங்களை எப்படி எடை போட்டு வைத்திருக்கிறாள் பாருங்கள். நீங்கள் போன இந்த இரண்டு மாதத்தில் இன்றுதான் சிரித்தேன்.

அதற்கப்புறம் வேலை ஓடவில்லை. நான் பார்த்தால் உங்களுக்குக் கூச்சமாக இருக்குமோ என்று ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தைத்தேன். ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, உட்கார்ந்து பிரித்தேன். நடுநடுவே எழுந்து போய்ப் பார்த்தேன். டம்ளர் அப்படியேதான் இருக்கிறது.

மணி மூன்றரை ஆகிவிட்டது. நிமிர்த்த ஒரு நிமிஷம் ஆகாது. வந்து பார்த்தால் பிள்ளை குதிப்பாள். ஆனால் நீங்கள் தொட வேண்டியதை நான் தொட மனசு வரவில்லை. நான் நிமிர்த்தி வைத்தால் அவள் நம்பிவிடுவாள். அப்புறம் நான் எதை நம்புவது, மாமா?

உங்கள்
தையல்காரி